அந்த வீட்டுப் பிள்ளை

என் தங்கையின் அறைக்குள் முதல்முறை கால் வைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஈரம் ஊறிய சுவரோடு ஒட்டிக் கட்டிலைப் போட்டிருக்கிறாள். இருப்பது ஒரே ஒரு ஜன்னல், அதை அடைத்துக்கொண்டு அலமாரி நிற்கிறது. அடுப்புக்கு மேலே நீளமாக ஒரு பலகை, அதில் ஒன்றுமே இல்லை. பாத்திரமெல்லாம் தரையில். ஒரு மனுஷி இப்படியும் ஓர் அறையை வைத்துக்கொள்வாளா என்று கேட்க நாக்கு துடித்தது. எனக்கு வாய் நீளம் என்பது தெருவுக்கே தெரியும். அன்றைக்கு மட்டும் எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

"என்னக்கா, ஒண்ணுமே சொல்லாம நிக்கற?" என்றாள் சின்னவள். நாங்கள் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம்.

"அலமாரிய யாரு இங்க வைக்கச் சொன்னது?"

"முன்னாடி இருந்தவங்க வச்சுட்டுப் போனது. அப்படியே விட்டுட்டேன்."

"இந்த ஆணி?"

கதவுக்குப் பக்கத்தில், என் இடுப்புக்கும் கீழே, ஓர் ஆணி அடித்திருந்தது.

"அது பாப்பாவுக்கு. ஸ்கூல் பை மாட்ட. நானே அடிச்சேன்."

அந்தப் பாப்பாவுக்கு வயது ஒன்பது. என் வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். சின்னவளின் மகள், ஆனால் நாலு வயது முடியும் முன்பே என்னிடம் வந்துவிட்டாள். அவள் அப்பன் ஒருநாள் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து சின்னவள் படுக்கையை விட்டு எழவில்லை. குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. அதை இந்த ஒரு வரியோடு விட்டுவிடுகிறேன்.

இப்போது சின்னவள் தேறிவிட்டாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். சலவை நிலையம் ஒன்றில் இஸ்திரி போடும் வேலை. அதற்கு எதிரேயே மாடியில் இந்த அறை. மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆசைப்படாமல் இருப்பாளா? ஆனால் ஒன்று சொன்னாள்: "அவளா வரேன்னு சொன்னாதான்க்கா. நான் இழுத்துட்டுப் போக மாட்டேன்."

நான் அந்த அறையைப் பார்க்கும் முன்பே, முதல் தடவையாக வாலு இரண்டு நாள் அங்கே தங்கப் போனாள். ஞாயிறு மாலை திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் இனிமே அங்க போக மாட்டேன் பெரியம்மா. சுவரு நாறுது. என் பொருள் எதையும் வைக்க இடமே இல்ல. பையை மாட்டினா பை தரையில உக்காருது."

"சரி சரி, வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதே. கை கால் கழுவிட்டு வா" என்று அதட்டிவிட்டு நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்க எனக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

அடுத்த வாரம் சின்னவள் வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அக்கா, நீ ஒருதடவை வந்து பாரேன். அந்த ரூமை எப்படி வச்சா அவளுக்குப் பிடிக்கும்னு எனக்குத் தெரியல. உனக்குத்தான் தெரியும்" என்றாள்.

எனக்குத்தான் தெரியும். அதில்தான் வந்தது வினை.

நான் துணி திருத்தும் தையல்காரி. இறுக்கமானதைத் தளர்த்துவேன், நீளமானதைக் குறைப்பேன், கிழிந்ததை ஒன்றுமே ஆகாதது போல ஆக்கிக் கொடுப்பேன். கை சும்மா இருக்காது. பழைய போர்வை என் வீட்டில் மெத்தை உறை, பழைய உறை கைப்பிடித் துணி, பழைய கைப்பிடித் துணி மிதியடி. என் வீட்டுக்காரர் டெலிவரி வேன் ஓட்டுகிறார். வீட்டுக்கு யார் வந்தாலும், "அவ எதிர்ல ரொம்ப நேரம் அசையாம உக்காராதீங்க, அளவெடுத்து உங்களையும் திரையாக்கிடுவா" என்பார்.

ஆக, பார்த்துவிட்டு மட்டும் வருவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அந்த அறைக்கு நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. அது அப்படியே இருந்தால் வாலு என்னோடு இருப்பாள். இவ்வளவு எளிய கணக்கு. அது எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

புரிந்து என்ன? அலமாரி ஜன்னலை மறைத்து நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "அந்தப் பக்கம் பிடி" என்றேன். இருவருமாக நகர்த்தினோம். அறைக்குள் வெளிச்சம் விழுந்தது. சின்னவள் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல ஜன்னலைப் பார்த்தாள். எனக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது.

அந்த ஆணியைப் பிடுங்கினேன். "அவளுக்கு இவ்வளவு கீழயா?" என்று கேட்டேன்.

"நான் உங்க வீட்டுக்கு வரப்பல்லாம் அவ சோபாவுல உக்காந்துட்டே இருப்பாளேக்கா" என்றாள் சின்னவள். "வந்ததுலேர்ந்து போற வரைக்கும் எந்திரிக்கவே மாட்டா. ஆணி அடிக்கறப்ப நான் தூக்கின உயரம்தான் எனக்கு ஞாபகம் இருந்துச்சு."

"இதுவரைக்கும் வருவா இப்ப" என்று என் மார்பில் கையை வைத்துக் காட்டினேன். அவள் தன் மார்பில் அதே இடத்தில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். வெகு நேரம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

அதன் பிறகு வாலு பள்ளிக்கூடம் போனதும் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். வந்த துணிகளெல்லாம் மிஷின் மேல் குவிந்தன. சின்னவள் மதியத்துக்கு மேல் வேலைக்குப் போவாள், அதுவரை இருவரும் சேர்ந்து செய்வோம். புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்பது என் சட்டம். பழக்கடையில் தூக்கிப் போடும் மரப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, சிராயெல்லாம் போக உப்புத்தாளால் தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் திருகாணியால் முடுக்கினேன். புத்தகத்துக்கு அலமாரி ஆயிற்று. யாரோ உடைத்துப் போட்ட மேசையின் இழுப்பறை மட்டும் நல்லபடியாக இருந்தது. பழைய இரும்புக் கடையில் நான்கு சின்னச் சக்கரம் பொறுக்கி அதன் அடியில் பூட்டியதும், கட்டிலுக்குக் கீழே உருட்டித் தள்ளுகிற பெட்டி ஆனது. செருப்பு டப்பாக்களுக்கு மிச்சத் துணி ஒட்டி ரிப்பன், ரப்பர், பென்சில் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு இடம் கொடுத்தேன்.

அடுப்புக்கு மேலிருந்த பலகையில் சின்னவள் கை வைக்காததற்குக் காரணம் இருந்தது. ஒருபக்கம் சாய்ந்திருந்தது, வைத்ததெல்லாம் உருண்டு விழும். அதை நேராக்கிவிட்டு, காலிப் பாட்டில்களின் மூடிகளைப் பலகையின் அடிப்பக்கத்தில் ஆணியடித்தேன். பிறகு பாட்டிலை மேலே தூக்கி மூடியில் திருகச் சொன்னேன். திருகிவிட்டுக் கையை எடுத்தாள். சர்க்கரை பாட்டில் அந்தரத்தில் தொங்கியது, விழவில்லை. சின்னவள் சிரித்தாள். கழற்றினாள், மறுபடி மாட்டினாள், மறுபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவள் என் தங்கை. அதை நான் நடுவில் மறந்துபோயிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

சுவர்தான் பெரிய வேலை. அந்தச் சுவரில்தான் எனக்குக் கெட்ட புத்தியும் வந்தது. ஈரத்தின் மேலேயே நேரடியாக வண்ணம் அடித்துவிட்டால் முதலில் நன்றாகத்தான் இருக்கும். கொஞ்ச நாளில் உப்பிக்கொண்டு வரும், பிறகு பொடிப்பொடியாகக் கட்டிலில் உதிரும், நாற்றம் திரும்பி வரும். பிள்ளையும் என்னிடம் திரும்பி வருவாள். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். பழைய கட்டடம், என்ன செய்ய முடியும் என்பார்கள். சுரண்டும் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் நான் நின்ற நிலையை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

கடைசியில் என்ன செய்தேன்? மாடிப்படி ஏறிப்போய் மேல்வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன்.

"எங்க வீட்ல எங்கயும் ஒழுகலையேம்மா" என்றார் அவர்.

"உங்க வீட்ல எப்படிங்க ஒழுகும்? நீங்க மேல இருக்கீங்க. ஒழுகறது கீழதானே வரும்?"

குளியலறைக் குழாயின் இணைப்பில் கசிவு. அவர் பார்த்துக்கொண்டே நிற்க, நானே தண்ணீரை மூடிவிட்டு, குழாயைக் கழற்றி, வெள்ளை நாடாவைச் சுற்றி இறுக்கினேன். பிறகு கீழே வந்து ஊறின பூச்சையெல்லாம் சுரண்டித் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து மேசை விசிறியைக் கொண்டுபோய் சுவரைப் பார்த்து வைத்தேன். நன்றாகக் காயும்வரை தொடவில்லை. காய்ந்ததும் பட்டி பூசி, தேய்த்து, வெளிர் வண்ணம் இரண்டு கை அடித்தேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மோசமான வேலையைச் செய்ய என் கைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"நீ என்ன பண்றேன்னு தெரிஞ்சுதான் பண்றியா?" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். என் தலைமுடியில் ஒட்டியிருந்த வண்ணத்தைத் துணியால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதான்."

"அப்புறம் அழுதா நான் என்ன பண்றது?"

"அழ மாட்டேன்."

"சரி" என்றார். நம்பவில்லை என்பது அவர் துடைத்த வேகத்திலேயே தெரிந்தது.

ஒரு யோசனையும் நான்தான் சொன்னேன். எல்லாவற்றையும் அம்மாவே செய்தாள் என்று வாலு நினைத்துக்கொள்ளட்டும். தனக்காக அம்மா இவ்வளவு பாடுபட்டாள் என்று தெரிந்தால் பிள்ளை மனசு இளகும். "உன் கையால செஞ்சதா இருக்கட்டும். என் பேரை எடுக்காதே" என்று சின்னவளிடம் அடித்துச் சொன்னேன். அவள் தயங்கினாள். அவளுக்குப் பொய் வராது. நான் விடவில்லை. அதிலும் எனக்குக் கொஞ்சம் மிதப்பு இருந்தது, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் பெயரையும் கொடுக்கிறவள் நான் என்று.

அதனால் வாலுவிடம் பொய் சொல்ல வேண்டியதாயிற்று. கையில் வண்ணத்தோடு வந்தால் கேட்க மாட்டாளா?

"எங்க போயிட்டு வர தினமும்?"

"ஒரு வீட்ல வேலை. ரூமை மாத்திக் குடுக்கச் சொல்லிருக்காங்க."

"அந்த வீட்ல பிள்ளை இருக்கா?"

"இருக்கா. உன் வயசுதான்."

அவ்வளவுதான், அன்றிலிருந்து அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் ஓர் ஆள் ஆகிவிட்டாள். சாப்பிடும்போது அவளைப் பற்றி விசாரணை. அவளுக்குப் புத்தகம் வைக்க இடம் இருக்கிறதா, கட்டில் எந்தப் பக்கம், படுத்தால் கதவு தெரியுமா என்றெல்லாம் கேட்பாள். "கதவு தெரியணும் பெரியம்மா. தெரியலன்னா பயமா இருக்கும்" என்றாள். மறுநாள் போய்க் கட்டிலைத் திருப்பிப் போட்டேன். "அவளே எட்டி அணைக்கிற மாதிரி விளக்கு வை. எல்லாத்துக்கும் அம்மாவக் கூப்பிட்டா அம்மாவுக்குக் கோவம் வரும்ல?" என்றாள். கட்டில் தலைமாட்டில் விளக்கு வந்தது. நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். மீதியை நானேதான் கேட்டு வாங்கினேன்.

அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே இழுத்துவிட ஒரு திரை மட்டும் பாக்கி இருந்தது. சனிக்கிழமைகளில் வாலுவும் நானும் துண்டுத்துணிக் கடைக்குப் போவது வழக்கம். மேசை நிறையத் துணியைக் கொட்டி வைத்திருப்பார்கள், முழங்கை வரை கையை விட்டுத்தான் தேட வேண்டும். நான் பூப் போட்ட துணி ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன்.

"அது அந்தப் பிள்ளைக்கா?" என்றாள் வாலு.

"ஆமா. நல்லாருக்கா?"

"பூ வேணாம். இது எடு." குவியலுக்கு அடியிலிருந்து மஞ்சளில் சாம்பல் கோடு போட்டதை உருவினாள். "கோடுன்னா தூக்கம் வரலன்னா படுத்துட்டே எண்ணலாம். புது ரூம்ல அவளுக்குத் தூக்கம் வராதுல்ல?"

"வராதுதான்."

"அவ நல்ல பிள்ளையா?"

"நல்ல பிள்ளைதான். கொஞ்சம் வாலு."

"அப்ப எனக்குப் பிடிக்கும்" என்றாள். துணியின் இரண்டு முனையையும் அவள் பிடிக்க நான் மடித்தேன். "முடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறியா?"

காட்டுகிறேன் என்றேன். அந்த நிமிஷமே அந்தத் துணியைக் குவியலில் போட்டுவிட்டு வேறு எடுத்திருக்க வேண்டும். மூளை உள்ள எவளும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் அவள் சொன்னது சரி. அந்தச் சுவருக்கு அந்தத் துணிதான். அவள் கேட்டால், மிச்சம் இருந்தது, உன் அம்மாவுக்கும் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொண்டேன். வேலை தெரிந்தவளுக்கு வருகிற அசட்டுத் தைரியம் அது.

அடுத்த சனிக்கிழமை காலை, ஒருதடவை வந்து பார், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று சொல்லி வாலுவை அவள் அம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் துணி வைத்த பை என் தோளில். என் வீட்டுக்காரர் வேனைக் கீழே நிறுத்திவிட்டு, "நான் இங்கயே இருக்கேன். அவ வேணாம்னு சொன்னா கூட்டிட்டு வந்துடு" என்றார். வாலு படி ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு காட்டினாள். "சுவரு இன்னும் நாறும் பாரு" என்றாள்.

சின்னவள் வாசலிலேயே நின்றிருந்தாள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். உடுத்தியிருந்ததை அவ்வளவு நன்றாக இஸ்திரி போட்டிருந்தாள்.

வாலு உள்ளே போனாள். மூக்கிலிருந்து கையை எடுத்தாள். சுவரைப் பார்த்தாள், போய்த் தொட்டாள், கையை முகர்ந்து பார்த்தாள்.

"அம்மா, இது நீங்க அடிச்சதா?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே மிரட்டினேன். "ஆ… ஆமா" என்றாள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? மரப்பெட்டி அலமாரியைத் தட்டிப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை உருட்டி வெளியே எடுத்து, உள்ளே தள்ளி, அதில் ஏறி உட்கார்ந்தும் பார்த்தாள். அந்தரத்தில் தொங்கிய பாட்டில்களைக் கண்டதும் வாயைப் பிளந்தாள். சின்னவள் கழற்றி மாட்டிக் காட்டினாள். "பெரியம்மா, இங்க வந்து பாரு, விழவே இல்ல! உனக்கு இது தெரியுமா?" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரியாதே" என்றேன். "உங்க அம்மா கெட்டிக்காரிதான்."

அம்மாவும் மகளும் ஒரே பாட்டிலில் கை வைத்துக்கொண்டு திருகினார்கள். இதற்காகத்தானே இவ்வளவும் செய்தாய் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பாட்டிலில் இருந்த அந்த இரண்டு கைகளையும் பார்க்கப் பிடிக்கவில்லை. பொறாமைதான், வேறு பெயர் எதற்கு?

"இன்னொண்ணு பாக்கறியா?" என்றாள் சின்னவள். அவளுக்கு இப்போது தைரியம் வந்திருந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்த திரையைப் பிடித்து, கட்டில் முழுவதும் மறையும்படி ஒரே இழுப்பாக இழுத்தாள். "இது உன்னோட ரூம். நீ உள்ள இருந்தா நான் கேட்டுட்டுத்தான் வருவேன்."

வாலு அசையவில்லை. மஞ்சள், சாம்பல் கோடு, மஞ்சள். கையை நீட்டி ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு திரையோரத்தைத் தூக்கிக் கட்டிலைப் பார்த்தாள், கட்டிலிலிருந்து கதவைப் பார்த்தாள், தலைமாட்டு விளக்கைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அவள் சொன்னபடியே இருந்தது. தயாராக வைத்திருந்த பதில் எங்கே போனதோ.

"பெரியம்மா" என்றாள். "அந்த வீட்டுப் பிள்ளை நான்தானா?"

சின்னவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த வீடு?" என்று என்னைக் கேட்டாள். வாலு அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னை இங்க அனுப்பறதுக்குத்தான் என்கிட்டயே கேட்டியா?"

கத்தியிருந்தால் தேவலை. அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள். அவளுக்குள் ஓடியது எனக்கு அப்படியே தெரிந்தது. இந்தச் சுவர், இந்தப் பெட்டி, இந்த விளக்கு எல்லாம் பெரியம்மா என் மேல் இருக்கும் பிரியத்தில் செய்தது இல்லை, என்னை வெளியே வைக்கச் செய்தது. தினம் தினம் சிரித்துக்கொண்டே சாப்பாடு போட்டு, என் வாயிலிருந்தே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போய்ச் செய்தது. இல்லடி தங்கம் என்று ஒரு வார்த்தை. அது என் நாக்கு நுனியில் இருந்தது.

சின்னவள் இப்போது புரிந்துகொண்டாள். அவள் முகம் விழுந்தது. திரையைப் பிடித்திருந்த கை நழுவியது. இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள் அந்தக் கையில். "பாப்பா, நான் பொய் சொல்லிட்டேன். இதெல்லாம் பெரியம்மாதான் செஞ்சா. எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றாள். "நீ இங்க இருந்தே ஆகணும்னு இல்ல. பெரியம்மாகூடப் போணும்னா போ. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாலு என்னைப் பார்த்தாள். என் கையைத்தான் பார்த்தாள். நான் அதை நீட்ட வேண்டும், அவ்வளவுதான், ஓடி வந்துவிடுவாள். வேன் கீழே நிற்கிறது. வீட்டில் அவள் படுக்கையை நான் மடித்து வைக்கக்கூட இல்லை. ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை. நீட்டினால் சின்னவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். எங்களை வழியனுப்பிவிட்டு இந்தத் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்வாள். அப்படிப் படுத்தால் எழுவாளா என்பதும் எனக்குத் தெரியும்.

"அனுப்பறதுக்கு இல்ல" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் குரல் உடையும். என் குரல் உடைந்தால் அவள் இங்கே இருக்க மாட்டாள்.

"உன் ரூமாச்சே" என்றேன். "உன்கிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேக்கறது?"

வாலு என் கையிலிருந்து பார்வையை எடுத்தாள். பிறகு "சரி" என்றாள். என் அருகே வந்து, என் தோளிலிருந்த பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, திரையை விலக்கி உள்ளே போனாள். திரை மூடிக்கொண்டது.

எனக்கு அதைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே போக வேண்டும் போலிருந்தது. சின்னவள் போகவில்லை. பாலைச் சூடாக்கி டம்ளரில் ஊற்றி, திரைக்கு வெளியே தரையில் வைத்தாள். "பாப்பா, பால் இங்க இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டாள். எவ்வளவோ நேரம் கழித்து ஒரு கை வெளியே வந்து டம்ளரை எடுத்துக்கொண்டது. சின்னவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அங்கே இனி வேலை இல்லை.

"நான் கிளம்பறேன்" என்றேன் பொதுவாக.

திரை விலகியது. வாலு வெளியே வந்தாள். உதட்டின் மேலே பால் நுரை. அழுததற்கு அடையாளம் இல்லை. வழக்கமாக நான் எங்கே கிளம்பினாலும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, எப்ப வருவ, என்ன வாங்கிட்டு வருவ என்று பிராணனை வாங்குகிறவள். அன்றைக்கு அவள் என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.

"போயிட்டு வாங்க பெரியம்மா" என்றாள்.

என்னை அவள் வாங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்க்காமல் இறங்கலாம் என்று நினைத்தும் படி வளைவில் திரும்பிப் பார்த்துவிட்டேன். கதவைச் சாத்தாமல், நான் கண்ணிலிருந்து மறையும்வரை அங்கேயே நின்றாள். தைக்கக் கொடுக்க வருகிறவர்களை அப்படித்தான் வழியனுப்ப வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். "வரேம்மா" என்றேன், அவர்கள் சொல்வது போலவே.